செக்கிங் ரூம் சாமி

கடவுள் உலகத்தைப் படைத்து முடித்த கையோடு எங்கள் பிசிறு அண்ணனிடம் செக்கிங்குக்கு அனுப்பியிருந்தால், நீங்களும் நானும் பிறந்திருக்கவே மாட்டோம். மொத்த லாட்டும் திரும்பிப் போயிருக்கும். மலை மட்டமில்லை, கடலில் உப்புக் கூடுதல், மனிதர்கள் ஒருவருக்கொருவர் ஷேடு மாறுகிறார்கள் என்று மூன்று வரி எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருப்பார்.

சங்ககிரியிலிருந்து குமாரபாளையம் போகிற வழியில், வெளிநாட்டுக்கு டவலும் சமையலறைத் துணியும் அனுப்புகிற ஒரு கம்பெனியில் நான் இருபது வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். பதவியின் பெயர் டாக்குமென்டேஷன் மேனேஜர். துணி கப்பலேறினால் கூடவே காகிதமும் ஏற வேண்டும். அந்தக் காகிதம்தான் நான். பிசிறு எங்கள் செக்கிங் ரூமுக்குத் தலைவர். வெண்ணந்தூர்க்காரர், தறிக்குடும்பம். அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டிலும் சம்பளப் பட்டியலிலும் இருந்தது, வேறெங்கும் இல்லை. இடது கையில் இழை எண்ணுகிற மடக்கு லென்ஸ், வலது கையில் நூல் வெட்டுகிற குட்டிக் கத்தரி. நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே காலரில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை நறுக்கென்று வெட்டிவிடுவார். ஒரு தணிக்கை அதிகாரி, தொண்டைக்குப் பக்கத்தில் கத்தரி வருவதைப் பார்த்துக் கேள்வியைப் பாதியில் விழுங்கினார். அந்த வருடம் எங்களுக்குத் தணிக்கை சுலபமாக முடிந்தது.

தன் கல்யாணத்தில் தாலி கட்டக் குனிந்தவர், கட்டிய பிறகும் நிமிராமல் நின்றாராம். மயக்கமோ என்று பக்கத்திலிருந்தவர்கள் தோளைப் பிடித்தபோது, மணப்பெண்ணிடம் மெதுவாகச் சொன்னாராம்: "புடவையில ரெண்டு ஊடை விட்டிருக்குது." அவர் மனைவி ராஜாமணி அக்கா, யாரையும் சாமி என்றே கூப்பிடுகிறவர், இதை என்னிடம் சொன்னபோது சிரிக்கவில்லை.

"முப்பது வருசமா அந்த ரெண்டு இழையத்தான் பாத்துட்டு இருக்கறாருங்க சாமி. என்னைய இன்னும் பாக்கலை."

எங்கள் ஃபிட்டர் ஒருவருக்குத் தறியில் விரல் போய்விட்டது. எல்லோரும் ஆப்பிளும் சோகமுமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிசிறு மட்டும் நேராகப் போய்க் கட்டுப் போட்ட கையைத் தூக்கி லென்ஸை வைத்தார். "கட்டுத் துணி ஆகாதுங்க. இழை உதிருது, புண்ணுக்குள்ள போகும்." நர்ஸ் முறைத்தார். பிசிறு நகரவில்லை. கடைசியில் வேறு கட்டுத்துணிச் சுருள் பிரித்துப் புதிதாகக் கட்டினார்கள். ஃபிட்டர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "வெரலு போனதுக்கு ஒரு வார்த்தை கேக்கலீங்க இந்த மனுசன். துணிக்குச் சண்டை போடறாரு." அந்தப் புண் சீழ் வைக்காமல் ஆறியது என்பதையும் நியாயமாக நான் சொல்லிவிட வேண்டும்.

அவருக்கு உலகத்தில் இரண்டே வகைதான். ஒன்று பாஸ், இன்னொன்று செகண்ட்ஸ். இழை விட்டதை, கறை பட்டதைக்கூட ஒரு நிமிடம் யோசித்துத்தான் ஒதுக்குவார். வெட்டி ஒட்டுப் போட்ட உருப்படிக்கு மட்டும் யோசனையே கிடையாது. எவ்வளவு நேர்த்தியான ஒட்டாக இருந்தாலும் தூக்கி அக்கட்டால், செகண்ட்ஸ் குவியலில், போட்டுவிடுவார். அது அவருடைய மதம்.

இன்னொரு மதத்துக்காரர் செக்கிங் ரூமுக்குள் வந்தது காலண்டர் வழியாக.

எங்களிடம் துணி வாங்கும் ஜெர்மன் கம்பெனி வருடம் தவறாமல் ஒரு காலண்டர் அனுப்பும். ஜனவரிக்கான காலண்டர் மார்ச்சில் வந்து சேரும். வழக்கமாகப் பனிமலை இருக்கும், அல்லது எங்கள் முதலாளியைவிடத் திருப்தியான முகத்தோடு ஒரு மாடு இருக்கும். அந்த வருடம் பழைய மரச்சிற்பங்கள். ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய கிறிஸ்தவப் புனிதர்கள், மாதத்துக்கு ஒருவர். பன்னிரண்டு பேரும் சோகமாக இருந்தார்கள். ஒரு பெண்மணி கையில் கோபுரம் வைத்திருந்தார். ஒருவர் வெட்டுப்பட்ட தன் தலையைத் தன் கையிலேயே ஏந்தியிருந்தார். முதலாளி அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம ரூமுக்கு வேண்டாம்ப்பா, வர்ற பார்ட்டி நம்ம நெலமைன்னு நெனச்சுக்குவான்" என்று காலண்டரைச் செக்கிங் ரூமுக்குத் தள்ளிவிட்டார்.

பிசிறு ஒவ்வொரு மாதமாகப் புரட்டி நவம்பரில் நின்றார்.

உயரமான தொப்பி வைத்த ஒரு பிஷப். மெலிந்த முகம், கன்னத்தில் பழைய சாயம் உரிந்து மரம் தெரிகிறது. அங்கங்கே பூச்சி அரித்த பொட்டுகள். உடம்பின் குறுக்கே இரண்டு கையாலும் ஓர் உருளையைப் பிடித்திருக்கிறார். உருளையின் இரண்டு முனையிலும் சுற்றுவதற்குக் கைப்பிடி. அதன் மேல் வெளுப்பாக ஏதோ ஒன்று நெருக்கமாக, வரிசை வரிசையாகச் சுற்றப்பட்டிருக்கிறது.

"ஏனுங்க சார், இங்க வாங்க" என்று கூப்பிட்டார். "இவரு பீமு வெச்சிருக்காரு பாருங்க."

பீம் என்பது தறியில் பாவு நூலைச் சுற்றி வைக்கிற உருளை. எங்கள் பக்கத்தில் குழந்தைகள்கூட அதைப் பார்த்தவுடன் சொல்லிவிடும். அறையே கூடிவிட்டது. விரல் போன ஃபிட்டர் கைப்பிடியைக் காட்டி, "கையில சுத்தற மாடலுங்க, அந்தக் காலத்துது" என்றார். பாவு சுற்றுகிற அக்கா ஒருவர், "எத்தனை நெருக்கமாச் சுத்தியிருக்கறாங்க, நம்ம ஆளுகளுக்கு வருமா இது" என்று பெருமூச்சு விட்டார். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

காரணம், நான் கண்ணாடி போட்டிருப்பேன், மேசையில் புத்தகம் இருக்கும். எனக்கு ஜெர்மன் மொழியில் நான்கு சொற்கள் தெரியும். நான்கும் டவல் அளவைப் பற்றியவை. படத்துக்குக் கீழே இருந்த வரியில் எராஸ்மஸ் என்ற பெயரைத் தவிர எதுவும் எனக்குப் பிடிபடவில்லை. பொய் சொல்கிற எண்ணம் சத்தியமாக இல்லை. ஆனால் பத்துப் பேர் ஒருமிக்க நம் வாயைப் பார்க்கும்போது வாய் தன் கடமையைச் செய்துவிடுகிறது.

"ஆமாங்க. அந்தக் காலத்து ஜெர்மனியில நெசவாளிகளுக்கெல்லாம் இவருதான் காவல் தெய்வம். பேரு எராஸ்மஸ். தறி பூட்டறதுக்கு முன்னால, நூலு அறாம இருக்கோணும்னு இவரைத்தான் கும்புடுவாங்க."

பிசிறு லென்ஸை விரித்து உருளையின் மேல் வைத்துக் குனிந்தார். நீண்ட நேரம் பார்த்தார். நிமிர்ந்து என்னை ஒரு முறை பார்த்தார். லென்ஸை மடித்துப் பையில் போட்டார்.

"சரிங்க" என்றார்.

அன்று மாலையே எராஸ்மஸுக்குச் சட்டம் போட்டாகிவிட்டது. செக்கிங் மேசைக்கு நேர் மேலே, பிள்ளையாருக்கும் முருகனுக்கும் இடப்பக்கத்தில், நவம்பர் மாதத்தோடு சேர்த்து மாட்டினார்கள். அதிலிருந்து அந்த அறையில் வருடம் பூராவும் நவம்பர்தான். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் சுவரைப் பார்த்துப் பேக்கிங் சீட்டில் நவம்பர் என்று எழுதி, ஏப்ரலில் போன ஒரு கன்டெய்னருக்காக நான் மூன்று நாட்டு அதிகாரிகளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆயுத பூஜைக்குப் பொரி, கடலை, சந்தனம். தொப்பிக்குக் கீழே நெற்றியில் இடம் குறைவு. ஆனாலும் விபூதி அவருக்கு நன்றாகவே எடுத்தது.

இரண்டு வருடம் கழித்து அந்த ஜெர்மன் கம்பெனியிலிருந்து ஓர் அம்மையார் தொழிற்சாலை பார்க்க வந்தார். செக்கிங் ரூமில் நுழைந்ததும் படத்தைப் பார்த்து நின்றுவிட்டார். பிசிறு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"உங்கூரு சாமிதானுங்க, எங்ககிட்ட நல்லா இருக்காருன்னு சொல்லுங்க சார்."

நான் சொன்னேன். அம்மையார் கைகூப்பினார். வெளியே வராந்தாவுக்கு வந்ததும் என்னை ஓரமாகக் கூட்டிப்போய்த் தணிந்த குரலில் ஆங்கிலத்தில் கேட்டார்: "உங்கள் தொழிலாளர்களுக்கு வயிற்று உபாதை அதிகமோ?" இல்லை என்றேன். "குடிதண்ணீர்?" நல்ல தண்ணீர் என்றேன். அவர் நம்பவில்லை. ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. குடிதண்ணீரைப் பரிசோதித்த அறிக்கை வேண்டும், கழிப்பறைகள் எத்தனை என்ற விவரம் வேண்டும். முதலாளி என்னை அழைத்தார். "என்னப்பா இது, டவலுக்கும் வவுத்தாலைக்கும் என்ன சம்பந்தம்?"

அன்று சாயங்காலம்தான், இரண்டு வருடத்துக்கு முன்னால் படித்திருக்க வேண்டியதை நான் உட்கார்ந்து படித்தேன்.

எராஸ்மஸ் வயிற்றுக்குச் சாமி. வயிற்று வலி வந்தால் அந்த ஊர்க்காரர்கள் வேண்டிக்கொள்வது இவரைத்தான். ஏனென்றால், கதைப்படி, ஓர் அரசன் இவரைப் பிடித்து, வயிற்றைக் கீறி, குடலை உருவி, உருளையில் கட்டிச் சுற்றச் சொன்னான். நாங்கள் இரண்டு ஆயுத பூஜைக்குச் சந்தனம் தெளித்த பாவு, அந்த மனிதரின் குடல்.

கழற்றிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால், தினமும் காலையில் பத்துப் பேர் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வேலை தொடங்குகிற படத்துக்கு முன்னால் நின்று, "மன்னிக்கணும், அது நூல் இல்லை" என்று சொல்கிற வகை ஆள் நான் இல்லை. தண்ணீர் அறிக்கையை அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அறிக்கையில் தண்ணீர் பாஸ்.

அடுத்த பொங்கல் கழிந்து பிசிறு இளைக்கத் தொடங்கினார். அதை அவரே முதலில் கண்டுபிடித்தார், டேப் வைத்து.

"இடுப்பு முப்பத்தி நாலு இருந்துதுங்க சார். இப்ப முப்பது. பன்னெண்டு பர்சன்ட் சுருங்கியிருக்குது. துணின்னா அஞ்சுக்கு மேல போனா பார்ட்டி எடுக்கமாட்டான்."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. வாய்வு என்றார், சோடா குடித்தார், மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் மூடினார். ஒரு நாள் கழிப்பறையிலிருந்து வந்தவர் என் மேசைக்கு முன்னால் நின்று, டவலில் கறை இருப்பதைச் சொல்கிற அதே குரலில், "ரத்தமாப் போகுதுங்க" என்றார்.

என் காரில் சேலத்துக்குப் போனோம். ராஜாமணி அக்காவும் வந்தார். பரிசோதனைகள் முடிந்து டாக்டர் எங்கள் மூவரையும் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். பெருங்குடலில் கட்டி. புற்று. ஒன்றரை அடி வெட்டி எடுக்க வேண்டும். வயிற்றில் ஒரு வழி வைத்து, அதில் ஒரு பை மாட்டுவார்கள். இரண்டு வாரத்துக்குள் செய்தால் நம்பிக்கை உண்டு. தள்ளிப் போட்டால் அடைத்துக்கொள்ளும். பிறகு கையில் எதுவும் இல்லை.

பிசிறு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வெட்டி எடுத்த பொறவு மிச்சத்தை என்ன பண்ணுவீங்க?"

"தைச்சுருவோம்."

"ஒட்டுப் போடறதுங்களா?"

டாக்டர் யோசித்துவிட்டு, "ஒரு வகையில ஒட்டுத்தான்" என்றார்.

பிசிறு எழுந்து அவரைக் கும்பிட்டார். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

"ஆகாதுங்க சார்" என்றார் காரில். "வெட்டி ஒட்டுன உருப்படி செகண்ட்ஸ்தானுங்க. எத்தனை பேரு நெய்ஞ்சதை நான் தூக்கி அக்கட்டால போட்டிருக்கறேன். அழுதுட்டுப் போனவங்க இருக்கறாங்க. நானே அப்படி ஆயிட்டு, அந்த டேபிள்ல எந்த மூஞ்சிய வெச்சுட்டு நிக்கறது?"

ஊர் எல்லையில் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற இடத்தில் பின்சீட்டிலிருந்து ராஜாமணி அக்கா கேட்டார்: "செத்தா மட்டும் பாஸா?"

"முழுசாப் போலாமில்ல" என்றார் அவர்.

வெண்ணந்தூரில் அவர்களை இறக்கிவிட்டேன். வாசலில் நின்று, "ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போங்க சாமி" என்று அக்கா பழக்கத்தில் கூப்பிட்டார். இன்னொரு நாள் என்று சொல்லிக் காரைத் திருப்பினேன்.

அவர் வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தார். தினமும் காலையில் மற்றவர்கள் கும்பிட்டு நகர்ந்த பிறகு, வயிற்றில் கை வைத்துக்கொண்டு அந்தப் படத்துக்கு முன்னால் நின்றார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தேன். எதிரில் இருப்பது வயிற்றுக்கான சாமி. அது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். இதைவிட மோசமான இடத்தில் ஒரு படித்தவன் உட்கார்ந்திருக்க முடியாது.

ஒன்பது நாள் போனது. பத்தாம் நாள் ராஜாமணி அக்கா பஸ் பிடித்து என் அறைக்கு வந்தார்.

"அந்தப் படத்தைக் கழட்டிருங்க சாமி."

"ஏனுங்கக்கா?"

"தெனமும் கும்புட்டுட்டு வந்து, 'சாமி ஒண்ணியும் சொல்லலை, சாமி ஒண்ணியும் சொல்லலை'ங்கறாரு. மரம் எப்படிங்க சொல்லும்?" முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "நெசவுச் சாமின்னு நீங்கதான சொன்னீங்க. கழட்ட முடியாதுன்னா, அதே வாயில, ஆப்பரேசன் பண்ணிக்கச் சொல்லுதுன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. நீங்க சொன்னாக் கேப்பாரு."

நான் அதற்குத் தயாரானேன். ஒரு பொய்க்கு மேல் இன்னொரு பொய் கட்டுவது எனக்குப் பழக்கமான கட்டட வேலை. எராஸ்மஸ் ஒரு வைத்தியரும்கூட, அவருக்கே இளமையில் ஓர் அறுவைச் சிகிச்சை நடந்தது என்று வாக்கியங்களை அடுக்கிக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செக்கிங் ரூமுக்குப் போனேன். யாரும் இல்லை. பிசிறு மட்டும் டவலை விரித்து ஓரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா" என்றேன். "அந்தப் படம். அந்த பீமு. அதுல இருக்கறது நூலு இல்லீங்க."

எப்படி அது வந்தது என்று தெரியவில்லை. அடுக்கிய வாக்கியங்களில் அது இல்லவே இல்லை.

அவர் டவலைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் பார்த்தார்.

"கொடலு" என்றார்.

நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். "எப்பத் தெரியும்?"

"படம் வந்தன்னிக்கேதானுங்க. லென்ஸு வெச்சனில்ல. நூலுன்னா முறுக்கு இருக்கோணும். எத்தனை வழுவழுன்னு செதுக்கினாலும் அந்த ஆசாரி ஒரு கோடாவது போட்டிருப்பான். இதுல முறுக்கே இல்லை. நடுநடுவுல புடைச்சுக்கிட்டு வேற இருக்குது. நோம்பி பண்டிகைன்னா மேச்சேரிக் கெடா அறுத்து, கொடலைக் கழுவறது எங்கூட்ல நானுங்க. எனக்குத் தெரியாதுங்களா?"

"அப்பறம் ஏனுங்கண்ணா அன்னிக்கே சொல்லலை?"

இந்த இடத்தில் அவர் டவலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சொல்லி முடிச்சிட்டீங்க. எல்லாரும் நிக்கறாங்க. பத்துப் பேரு முன்னால உங்களைப் போயி ரிஜெக்ட் பண்றதுங்களா?"

அவர் வாழ்நாளில் பழுது தெரிந்தே பாஸ் பண்ணிய சரக்கு ஒன்றே ஒன்று. அது நான்.

இப்போது முழுக்கதையையும் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். அரசன், வயிறு, உருளை. பிறகு, படிக்கிறபோது கண்ணில் பட்ட இன்னொரு செய்தியையும் சொன்னேன். இவர் முதலில் மாலுமிகளுக்குத்தான் சாமியாக இருந்தாராம். கையில் இருந்தது கப்பல் கயிறு சுற்றுகிற உருளை. கடலையே பார்த்திராத உள்நாட்டு ஜனங்கள் படத்தைப் பார்த்துக் கயிற்றைக் குடல் என்று நினைத்துக்கொண்டார்கள். அதற்கேற்றபடி கதை வந்தது என்று சிலர் சொல்கிறார்கள்.

"அப்ப அவனுக கயித்தைக் கொடலுன்னானுக, நாம கொடலை நூலுன்னோம்" என்றார். சிரித்தார் என்று சொல்ல முடியாது. சிரித்தால் அவருக்கு வலிக்கும்.

மெதுவாக எழுந்து படத்தைச் சுவரிலிருந்து எடுத்து மேசையில் வைத்து, லென்ஸை விரித்தார். உருளையை விட்டுவிட்டுச் சிலையைப் பார்த்தார். நெஞ்சில் ஒரு நீள வெடிப்பு, அதில் ஏதோ அடைத்துச் சாயம் பூசியிருந்தது. "இந்தக் கையி பொறவு ஒட்டுனதுங்க சார். மரத்துல ரேகை வேற பக்கம் போகுது." நான் குனிந்து பார்த்தேன். எனக்குக் கைதான் தெரிந்தது. ரேகை தெரியவில்லை.

"இது எந்த மரமுங்க?"

"லிண்டன்னு அவங்க ஊர் மரம். லேசான மரம். செதுக்க நல்லா வருமாம். ஒண்ணுதான், முதுகுப் பக்கமா உள்ள பூராக் குடைஞ்சு எடுத்துருவாங்களாம்."

புத்தகத்தில் படித்ததை வைத்துக்கொள்ளத் தெரியாமல் கொட்டுகிற என் வியாதியால்தான் இதைச் சொன்னேன். வேறு நோக்கம் எதுவும் இல்லை.

லென்ஸ் நின்றது.

"எதுக்குக் குடையறது?"

"உள்மரம் இருந்தா, காயறப்ப இழுத்து வெடிச்சுருமாம். எடுத்துட்டா நிக்கும்."

"அப்ப இவரு உள்ள ஒண்ணியும் கெடையாதுங்களா?"

"பெரும்பாலும் வெறும் கூடுதான் அண்ணா. பொறத்தால பாத்தாத்தான் தெரியும். சுவத்தை ஒட்டி வெச்சுருவாங்க."

"எத்தனை வருசமா நிக்கறாரு?"

"ஐந்நூறு இருக்கும்."

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே சாப்பாட்டுத் தூக்குகளைக் கழுவுகிற சத்தமும் பெண்கள் பேசுகிற சத்தமும் கேட்டன. அவர்கள் உள்ளே வருவதற்குள் படத்தை எடுத்துப் பழைய ஆணியில் மாட்டி, கோணல் பார்த்து, ஒரு நூல் அளவு இடப்பக்கம் நகர்த்தினார்.

"அந்தப் பையி சட்டைக்கு உள்ளதான இருக்கும்னாரு டாக்டரு?"

"ஆமாங்கண்ணா. வெளிய தெரியாது."

"நாளைக்குக் காரு இருக்குதுங்களா?"

அறுவை முடிந்த மூன்றாம் நாள் வார்டுக்குப் போனேன். தலையணைக்குக் கீழிருந்து லென்ஸை எடுத்துத் தன் வயிற்றுத் தையலை எண்ணிக்கொண்டிருந்தார். டாக்டர் வந்தபோது, "பத்தாவது தையலு கொஞ்சம் கோணைங்க" என்றார். டாக்டர் லென்ஸை வாங்கிக் குனிந்து பார்த்து, "ஆமா" என்றார். "பரவால்லைங்க, பாஸு" என்றார் பிசிறு. ராஜாமணி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

மூன்று மாதத்தில் வேலைக்கு வந்துவிட்டார், ஒரு சைஸ் பெரிய சட்டை போட்டுக்கொண்டு. அறை அமைதியாக இருக்கும்போது பை களக் புளக் என்று சத்தம் போடும். பெண்கள் குனிந்துகொள்வார்கள். "அது அப்படித்தான் பேசும், நீங்க வேலையப் பாருங்க" என்பார். நீங்கள் எதிர்பார்க்கிற மாற்றம் எதுவும் அவரிடம் ஏற்படவில்லை. வெட்டி ஒட்டிய உருப்படியைப் பழையபடி தூக்கி அக்கட்டால்தான் போட்டார். நான் ஜாடையாகக் கேட்டபோது, "துணி வேறைங்க, ஆளு வேறைங்க" என்று முடித்துவிட்டார்.

ஒன்றரை வருடம் அப்படி ஓடியது. பிறகு கல்லீரலில் வந்தது. வெட்டி எடுக்க இனி இடமில்லை என்று டாக்டர் சொன்னார். பிசிறு தலையாட்டினார். வேலையை விட்டு நின்றார். இரண்டு மாதத்தில் கட்டிலோடு ஒட்டிப்போனார்.

கடைசியாக நான் வெண்ணந்தூருக்குப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கண் மஞ்சளாக இருந்தது. பேசுவதற்கு நடுவே மூச்சு வாங்கியது. ராஜாமணி அக்கா மோர் கொண்டுவர உள்ளே போனதும் என்னைக் கையசைத்துப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"சார். அந்தக் கொடலு விசயம். செக்கிங் ரூம்ல யார்கிட்டயும் சொல்லிப்போடாதீங்க."

"இல்லீங்கண்ணா. அவங்க பயந்துக்குவாங்கன்னுதான் நானும்…"

"அதில்லீங்க." கொஞ்ச நேரம் மூச்சுக்குக் காத்திருந்தார். "அந்தப் புள்ளைகளெல்லாம், சாரு சொன்னாச் சரியா இருக்கும்னு நெனச்சுட்டு இருக்குதுக. நான் இருந்தா ஏதாச்சும் சொல்லிச் சமாளிச்சுக்குவேன். நான் இல்லாதப்பத் தெரிஞ்சா நீங்க தனியா மாட்டிக்குவீங்க."

மோர் வந்தது. குடித்தேன். அவருக்கு ஒரு ஸ்பூன் மட்டும் உதட்டில் வைத்தார்கள். பத்து நாள் கழித்து, ஆடி மாதக் காற்று மண்ணை வாரி இறைத்த ஒரு காலையில், அவர் போய்ச் சேர்ந்தார்.

எராஸ்மஸ் இன்னும் செக்கிங் ரூமில்தான் இருக்கிறார். புதிதாக வருகிறவர்கள் யார் இது என்று கேட்டால், பழையவர்கள் என் அறைப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். நானும் வெளியே வந்து நெசவுச் சாமி என்று சொல்லிக்கொண்டிருந்தேன், போன வாரம் வரைக்கும். நான் இதை எழுதுகிற பத்திரிகை எங்கள் கம்பெனிக்கும் வரும். சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்பார்கள். திங்கட்கிழமை நான் உள்ளே நுழையும்போது என்ன கேட்பார்கள் என்றும் தெரியும்.

கேட்கட்டும். என் பேரைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னார் அண்ணன். எனக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது.